போர்வைக்கு ஒரு காது

"நாலாவது தடவையா கேக்கேன், எலிசாள். சங்கத்துல சேருதியா, இல்லியா?"

வக்கீலம்மா ரத்னாபாய் வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டு நாற்காலிகூடக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். பாளையத்துக் கிறிஸ்தவப் பெண்களின் போர்வைச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. பழைய புடவை, வேட்டித் துண்டுகளை ஒட்டுச் சேர்த்துப் போர்வையாகத் தைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது 1936ஆம் வருஷம். ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் பெண்சாதியை வக்கீலம்மாவே வீடு தேடி வந்து கூப்பிடுவது லேசான கௌரவம் இல்லை.

"எனக்கு அவ்வளவு நல்லா தைக்க வராதுக்கா."

"சும்மா பறையாதே. உன் பிள்ளையோட சட்டையைக் கோயில்ல பாத்தேன்லா? அந்தத் தையல் சங்கத்துல ஒருத்திக்கும் வராது." ரத்னாபாய் காப்பியை ஆற்றினாள். "மலையில அந்தச் சனங்களுக்கு நாம குடுக்கதுதான் போர்வை. குடுத்தாலும் சுத்தமா வச்சுக்கத் தெரியாது, கேட்டியா. போன வருஷம் குடுத்ததெல்லாம் ஒரே புகை நாத்தம்னு தோட்டத்துத் துரையோட மதாம்மா எழுதியிருக்கா."

எலிசாளுக்குச் சுருக்கென்றது. மூடுபனி இறங்கும் மலையில் துணி தானாகவா காயும்? அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். அப்புறம் புகை நாறாமல் பன்னீரா மணக்கும்?

"நீங்களும் மலைக்குப் போவீங்களாக்கா?"

"எனக்கு ஏத்தம் ஒத்துக்காது, மூச்சு முட்டும். சங்கம் தொடங்கி ஒம்பது வருஷமாச்சு, ஒரு தடவைகூடப் போனதில்ல. மத்தவங்க முறை வச்சுப் போவாங்க. இந்த வருஷம் புதுசா சேருறவங்க முறை." ரத்னாபாய் ஒரு துணி மூட்டையை மேஜைமேல் வைத்தாள். "இந்தப் போர்வைக்கு ஓரம் மட்டும் மடிச்சுத் தச்சு வை. வியாழக்கிழமை கொண்டுவந்து பதிலைச் சொல்லு."

எலிசாளுக்குப் பயமே அந்த முறையை நினைத்துத்தான்.

அவள் பிறந்தது அதே போனக்காட்டில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். எட்டு வயதில் போர்டிங் பள்ளிக்கூடத்துக்காக மலை இறங்கியவள். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பார்த்து முடித்த கல்யாணத்தில், பெண்ணின் தகப்பன் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் என்று ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது. கணவன் யோசுவாவுக்கு உண்மை தெரியும், ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிரு. எதுக்கு வீண் வம்பு?" என்றான் சாயங்காலம் வந்த யோசுவா.

"அம்மாவைப் பாத்து ஆறு வருஷமாச்சு."

"எப்படிப் பாப்பே? நீ போர்வை குடுக்கிற பக்கம் நிப்பே, அவங்க வாங்குற பக்கம் நிப்பாங்க. எல்லார் முன்னாலயும் மகளேன்னு கூப்பிட்டா என்ன செய்வே?"

எலிசாளுக்குத் தெரியும். அம்மா கூப்பிடமாட்டாள். மகள் மானத்தைக் காப்பாற்ற, முன்பின் தெரியாதவள் போலக் கும்பிட்டுப் போர்வையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதை எலிசாளால் தாங்க முடியாது.

மூன்று நாள் உட்கார்ந்து ஓரம் தைத்தாள். இந்தப் போர்வை அம்மா கைக்கே போய்ச் சேர்ந்தாலும் சேரும் என்று நினைக்கும்போது சங்கத்தில் சேர்ந்துவிடலாம் போலிருக்கும். அம்மாவின் கும்பிடு கண்முன் வந்ததும் வேண்டவே வேண்டாம் என்றிருக்கும். கடைசியில் கும்பிடுதான் ஜெயித்தது.

வியாழக்கிழமை மற்றப் பெண்கள் வருவதற்கு முன்பே ரத்னாபாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. எலிசாள் உட்காரவில்லை.

"நான் சேரலக்கா. வீட்டு வேலையே சரியா இருக்கு."

ரத்னாபாய் போர்வையை விரித்தாள். ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், போர்வையின் ஒரு மூலைக்கு வந்ததும் விரலை நிறுத்தினாள்.

"இது என்னது?"

அந்த மூலையில் சின்னதாக ஒரு துணி வளையம் தைத்திருந்தது. அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுவதற்காக லயத்துப் போர்வைகளில் வைக்கும் காது அது. மனசு எங்கேயோ அலைந்தபோது கை அதுபாட்டுக்குத் தைத்திருக்கிறது. எலிசாள் போர்வைக்குக் கையை நீட்டினாள்.

"தெரியாம தச்சுட்டேன். குடுங்கக்கா, பிரிச்சிருதேன்."

ரத்னாபாய் கொடுக்கவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கூடையிலிருந்து ஒரு துணியைக் கிழித்து, மடித்து, போர்வையின் மறு மூலையில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். தலை நிமிரவில்லை. குரல்தான் வக்கீலம்மாவின் குரலாக இல்லை.

"ஒத்தக் காதுல தொங்கவிட்டா மறு மூலை தாழ்ந்து அடுப்புல கருகிப்போகும், மக்ளே. எங்க லயத்துல ரெண்டு காது வச்சுத்தான் தைப்போம்."

எலிசாள் பாயில் உட்கார்ந்தாள்.