ஆயில் மூடிக்குள் வெண்ணெய்

"இந்தக் காலத்துல மனுஷன் பேச்ச எவன் நம்புறான்? கண்ணால பாத்ததச் சொன்னாலும், மெஷினக் கொண்டாந்து சொருகிப் பாத்துட்டுத்தான் தலையாட்டுவேங்கறான்."

பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தபடி, யாரும் கேட்காமலே சொன்னார் தைஸ்தோ. பக்கத்தில் அவர் மனைவி ஹெல்லெவி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெக்கானிக் யார்னோ கொடுத்த காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வெளியே மைனஸ் இருபது. திங்கட்கிழமைக் காலை.

காருக்கு முப்பது வயது. இன்று காலை ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த நுரை. தைஸ்தோ நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். இஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, இனி இது தூரப் பயணம் தாங்காது.

ஹெல்லெவிக்கு அதுதான் கவலை. அவள் அம்மா நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஞாபகம் போய்விட்டது, யார் வந்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் வந்தார்கள் என்பாள். பனி தொடங்கிய நாளில் ஹெல்லெவி வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து, ஞாயிறுதோறும் தைஸ்தோதான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்த வண்டி படுத்துட்டா எங்கம்மாவப் பாக்க நாதியில்லப்பா. நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள்.

யார்னோ அவசரப்படவில்லை. ரேடியேட்டரில் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தான். அழுத்தமானியின் முள் அசையவில்லை. உன் முள் தூங்குகிறதா, செத்தே போய்விட்டதா என்று விசாரித்தார் தைஸ்தோ. அடுத்து, இஞ்சின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாக மாறும் ஒரு நீல மருந்தை வைத்தான். அது நீலமாகவே இருந்தது. துணிக்குப் போடுகிற நீலத்தையெல்லாம் வைத்தியம் என்கிறார்கள் என்றார். கடைசியில் யார்னோ வண்டிக்கடியில் புகுந்து கொஞ்சம் ஆயிலை இறக்கினான். கறுப்பாகத்தான் வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கேஸ்கெட் கல்லு மாதிரி இருக்கு. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

ஹெல்லெவியின் முகம் மலர்ந்தது. தைஸ்தோவுக்கு இந்த நல்ல சேதி பிடிக்கவில்லை. தான் சொன்ன நோயை நோயாளியே மறுத்தால் எந்த வைத்தியருக்குத்தான் பிடிக்கும்? போன வருஷம் யாரோ ஒருவருடைய வண்டியையும் யார்னோ இப்படித்தான் நல்லது என்று அனுப்பி, அது நடுக்காட்டில் நின்றுபோனதாக ஒரு கதை சொன்னார். யாருடைய வண்டி என்று யார்னோ கேட்டான். அது மட்டும் அவருக்கு நினைவில்லை.

"அப்ப அந்த நுரை ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சா, தம்பி?"

"ஆமா பெரியவரே, காத்துல இருக்கற ஈரம்தான். இந்தக் குளிர்ல இஞ்சின் சூடேறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டா, மூடிக்கடியில வேர்த்து இப்படி நுரை கட்டிக்கும். ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டிப் பாருங்க, அத்தனையும் ஆவியாப் போயிடும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே.

"இந்த வண்டி குளிர்காலம் பூரா அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடவே இல்ல. முக்குல இருக்கற பெட்ரோல் பங்க் காப்பிக்கடை வரைக்கும் போயிருந்தா அதிகம்."

ஹெல்லெவி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ, தைஸ்தோ, எங்கம்மாவுக்குன்னு நேத்து நான் சுட்டுக் குடுத்த ஏலக்காய் பன்ன யாரு தின்னது?"

தைஸ்தோ தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு எழுந்தார். "எவன் என்ன சொன்னாலும் சரி, அது கேஸ்கெட்டுதான்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பனியில் நடந்தே பெட்ரோல் பங்க் பக்கமாகப் போனார்.