புள்ளி இல்லாத நெபுலா

"இது சாப்ட்வேர் போட்டு வழிச்ச படம். போட்டியில சேர்த்துக்க முடியாது."

நடுவர் பெரியதம்பி இப்படிச் சொன்னதும் சுரேந்தர் மேஜைக்கு இன்னும் கிட்டே வந்தான். ஓசூரில் வானியல் மன்றத்துக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடத்திய புகைப்படப் போட்டி அது. முதல் பரிசு வாங்கினால் மன்றத்தின் பெரிய டெலஸ்கோப் ஒரு வருஷம் அவன் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும். அது தனக்குத்தான் என்று கம்பெனியில் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தான்.

"சத்தியமா சாப்ட்வேர் எதுவும் இல்லைங்க சார். இயற்கையா வந்தது."

பெரியதம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். படத்தில் ஓரியன் நெபுலா என்கிற வான்மேகம் சிவப்பும் நீலமுமாக விரிந்து கிடந்தது. இருட்டில் எடுக்கும் படத்தில் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். அதைத்தான் நாய்ஸ் என்பார்கள். கம்ப்யூட்டரில் போட்டுத் தேய்த்தால் புள்ளி போகும், கூடவே படத்தின் உயிரும் போய் மெழுகு பொம்மை ஆகிவிடும். அதனால்தான் இந்தப் போட்டியில் அதற்குத் தடை. சுரேந்தர் படத்திலோ புள்ளியும் இல்லை, மெழுகும் இல்லை. அதுதான் வில்லங்கமாகப் போய்விட்டது.

"பின்னே எப்படி நாய்ஸைக் குறைச்சீங்க?"

"ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தேங்க. எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு அடுக்கினா புள்ளி தானா அடங்கிடும்."

"அது இங்கே எல்லாரும் செய்யறதுதான். வீடு எங்கே?"

"பாகலூர் பக்கமுங்க."

"சுத்தி சாமந்தித் தோட்டமா இருக்குமே. செடி வளர்றதுக்குள்ள மொட்டு வந்துடக் கூடாதுன்னு ராத்திரியில பல்பு கட்டி எரிய விடுவாங்க. அந்த வெளிச்சத்துல எவ்வளவு அடுக்கினாலும் வானம் வெளுத்துப்போய்த்தான் தெரியும். உங்க படத்துல மை மாதிரி இருக்குதே?"

"அப்போ கரண்ட் இல்லைங்க."

"எப்போ?"

"பொங்கல் முடிஞ்ச வாரம்."

"அந்த வாரம் பாகலூர்ல கரண்ட் போகவே இல்லை. எனக்கு நல்லாத் தெரியும்." பெரியதம்பி பேனாவைத் திறந்தார். "பேரை அடிச்சிடவா?"

பக்கத்தில் நின்ற ரேவதி புருஷனை முழங்கையால் இடித்தாள். "எப்படி எடுத்தீங்கன்னு சொல்லித் தொலைங்களேன். நாளைக்குக் கம்பெனியில மூஞ்சியைக் காட்ட வேண்டாமா?"

சுரேந்தர் சுற்றும்முற்றும் பார்த்தான். "சார், வெளியே விட்டுடாதீங்க."

"நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல வேண்டியதே இல்லை. தைரியமா சொல்லுங்க."

"எங்க வீட்டு ஓனரம்மா கெம்பம்மாகிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேங்க. சானமாவு காட்டுல இருந்து யானை ஒன்னு கிளம்பியிருக்குதாம், தோட்டத்து பல்பு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வருதாம்னு."

"அப்புறம்?"

"அவங்க கன்னடத்துல சொன்னாங்க. கேட்டவங்க தெலுங்குல சொன்னாங்க. சாயங்காலம் டீக்கடையில எங்கிட்டயே வந்து சொல்றாங்க, யானைக் கூட்டம் வருது, குட்டியும் இருக்குதுன்னு. பொழுது சாஞ்சதும் ஒரு தோட்டத்துல பல்பு எரியணுமே? கும்மிருட்டு. அந்த மாதிரி வானம் கிடைச்சா புள்ளி எங்கேங்க வரும்?"

ரேவதி இடுப்பில் கையை வைத்தாள். "அட படுபாவி மனுஷா. நான் குழந்தையைக் கட்டிப்பிடிச்சிகிட்டு கட்டிலுக்கடியில படுத்துக் கிடந்தேனே. மாடியில காவல் இருக்கேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

"காவல்தான் இருந்தேன், கேமராவுக்கு."

"உங்க உசுருக்காக மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறேன்னு வேண்டிகிட்டேன். அதை இனிமே எந்த மூஞ்சியோட ஊத்தறது?"

பெரியதம்பி சிரிக்கவில்லை. "ஒரு நாள் கிளப்பின புரளி வாரம் பூரா எப்படித் தாங்குச்சு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல சுரேந்தருக்கு முகம் மலர்ந்தது. தன் சாமர்த்தியத்தை இத்தனை நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த ஏக்கம் அவனுக்கு.

"தாங்கலைங்க சார். ஒருத்தர் தைரியமா பல்பைப் போட்டுட்டார். மறுநாள் விடிகாலையில மேஸ்திரிங்க வெச்சிருக்கிற வட்டமான சாந்துச் சட்டியை எடுத்துட்டுப் போய் ஏரிக்கரை ஈர மண்ணுல வரிசையா அழுத்தி வெச்சேன். அசல் யானைத் தடம். ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஒருத்தர் பல்பைத் தொட்டிருப்பாங்களா?"

"சாந்துச் சட்டியா?" பெரியதம்பி படத்தை ஒரு தரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சாப்ட்வேர் இல்லைங்கிறதை ஒத்துக்கறேன். நாய்ஸை இவ்வளவு இயற்கையாக் குறைச்ச ஆளை நான் பார்த்ததில்லை. முதல் பரிசு உங்களுக்குத்தான்."

சுரேந்தர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ரேவதிக்கே கோபம் பாதி இறங்கிவிட்டது. மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, ஓசூரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சாருக்கு எந்தக் கம்பெனிங்க?"

"கம்பெனி இல்லைம்மா, வனத்துறை. அந்தத் தடத்தை டேப் வெச்சு அளந்து, பெரிய கொம்பன் யானைன்னு மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு, வாரம் பூரா ஏரிக்கரையில கொசுக்கடியில உட்கார்ந்திருந்தவன் நான்தான்," என்று எழுந்தார் பெரியதம்பி. "டெலஸ்கோப்பை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுக்காரர் என்கூட ஜீப்புல வரட்டும், மேலதிகாரி அந்தக் கொம்பனைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்டுகிட்டிருக்கார்."