கீழ்வரிசை, வலது பக்கம்

அறையில் பிரியாணி மணம் இருந்தது.

பல் டாக்டர் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முந்தானையை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள்.

மேசைமேல் கொழுந்தன் போஸின் கைபேசி கிடந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தான். அந்தப் பக்கம் ஹாஜா என்று ஒருவர். அவள் கணவன் வேலை பார்க்கிற வளைகுடா ஊரில், ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நடுவே நின்று பேசிக்கொடுப்பவர்.

தொழிலாளர் விடுதி எரிந்துபோயிருந்தது.

அங்கே இருந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரையும் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

ஒருவர் ஆஸ்பத்திரியில். முகமெல்லாம் கட்டு. வாயில் குழாய். பேச்சில்லை. உயிர் இருக்கிறது.

இன்னொருவர் பிணவறையில்.

இரண்டு பேரில் ஒருவர் அவள் கணவன். மற்றவர் நேபாளத்துக்காரர். அங்கேயும் யாரோ ஒருத்தியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டாக்டர் ஜெசிந்தா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு பல். நடுவில் நிழல் மாதிரி ஒரு குழி.

"போன லீவுல எடுத்த படம். கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு. இன்னும் ரெண்டு மூணு தடவை வாங்கன்னு சொன்னேன். டிக்கெட் போட்டாச்சுன்னு போயிட்டாரு."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பல்வலியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இந்த மாடிக்கு வருவார்கள். அங்கே காட்டினால் ஒரு நாள் வேலை போய்விடும். "நீங்கல்லாம் பல்லுக்கும் சேத்துத்தான் லீவு வாங்குவீங்களா?" என்று டாக்டர் அன்றைக்குக் கிண்டல் செய்தார். திறந்த வாயோடு அவன் அவளைப் பார்த்தான். கண்ணால் சிரித்தான்.

"டாக்டர்," கைபேசியில் குரல் தயங்கியது. "பிணவறையில இருக்கறவருக்கும் அதே பல்லுலதான் குழின்னு சொல்றாங்க."

போஸ் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அடைச்சிருக்கா?"

கேட்டது அவள்தான். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.

"இல்லக்கா. வெறும் குழிதான். டாக்டர் கையே பட்ட மாதிரி இல்லையாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப அது அவுக இல்ல. அவுக பொங்கலுக்கே அடைச்சிட்டாக."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அங்கேயா? நல்லாத் தெரியுமாம்மா?"

தெரியாமல் என்ன. பேசும்போதெல்லாம் அவள் கேட்டது அதைத்தானே. பல்லைக் காட்டினீகளா? அவன் கைபேசிக்கு நேரே அத்தனை பல்லையும் இளித்துக் காட்டுவான். "காட்டிட்டேன். போதுமா?"

பொங்கலன்று அவனே சொன்னான். "அடைச்சாச்சு தாயி. இனிமே கேக்காத."

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. பேசுவதற்கு வேறு விஷயங்கள் வந்தன. போஸுக்குப் பெண் பார்ப்பது. எலுமிச்சை ஊறுகாய். அங்கேயே வேலை பார்க்கிற அடுத்த தெருக்காரர் ரஷீது ஊருக்கு வந்து திரும்பும்போது என்ன கொடுத்துவிட என்று கேட்டாள். ஊறுகாய் வேண்டாம் என்றான். கிராம்பு மட்டும் போதும் என்றான். நிறையவே கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை அறையில் பிரியாணி போடுகிறோம்.

வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர்.

தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். அது தீர்ந்துவிட்டதென்று வேறொருவரை அனுப்பினான். "ஊருக்கே ஆக்கிப் போடுறீகளோ?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு டப்பா நிரப்பினாள்.

"நல்லாத் தெரியும்" என்றாள்.

போஸ் எழுந்தான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணன் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு மதினி. பொழச்சுக்கிரும்."

"அப்ப இது அண்ணன் இல்லன்னு சொல்லிரவா டாக்டர்?" என்றது கைபேசி.

"ஒரு நிமிஷம் ஹாஜா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ முனகினார்கள். டாக்டர் எழுந்து போனார். சாய்நாற்காலியில் ஒரு பெண், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர் சின்னக் குப்பி ஒன்றைத் திறந்தார். பஞ்சை நனைத்தார்.

அறை முழுக்கப் பிரியாணி மணம்.

"கிராம்பு எண்ணெய்தான். அப்படியே கடிச்சுக்கங்க. பல்லை அடைக்கிற வரைக்கும் இதை வச்சுத்தான் தாங்கணும்."

அவள் மடியிலிருந்து முந்தானை நழுவியது. எடுக்கவில்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. அடைச்சிட்டாருன்னு நீங்களே ஒரு வார்த்தை ஹாஜாகிட்ட சொல்லிருங்க. எழுதிக்குவாங்க."

போஸ் கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"அக்கா? இருக்கீங்களா?"

திரையில் அந்த ஒற்றைப் பல் அப்படியே இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

நாக்கில் அந்த மணம் பட்டது.