பரிசத் தட்டில் ஓர் ஆண்டெனா

பரிசத் தட்டில் பட்டுச் சேலை இல்லை. பித்தளைக் குடம் இல்லை. சுருள் வயரில் மைக் தொங்க, ஒரு கறுப்பு ரேடியோ வீற்றிருந்தது.

மீன்பிடிப் படகில் வைத்துக் கரையோடு பேசும் ரேடியோ அது. கொல்லிமலையில், கடலைக் காணாத பைல் நாட்டில், அதற்கென்ன வேலை?

வேலை இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார்க்குப் பரிசம் தருவது அந்த நாட்டு வழக்கம். என்ன தருவது என்பதை, மாப்பிள்ளையைப் பெற்ற அத்தாயி முடிவு செய்தாள்.

அவள் மகன் சதீஷ்குமார், நாகப்பட்டினத்தில் ஐஸ் ஆலை வேலைக்குப் போனவன், மீனவர் வீட்டு அருள்மொழியை விரும்பினான். சாதி குறுக்கே வந்தது. அத்தாயி அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

அவளை அசைத்தது வேறொன்று. திருமணத்துக்குப் பின் அருள்மொழி வீட்டுப் படகில் தானும் கடலுக்குப் போவதாக மகன் சொன்னான். மகனுக்கு நீச்சல் தெரியாது.

"கரையோட பேசறதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லீன்னா இந்தக் கண்ணாலமே வேண்டாம்!"

ஆகவே கடையிலிருந்து இரண்டு ரேடியோக்கள் வந்தன. நனைந்தாலும் கெடாது என்று இரண்டின் அட்டையிலும் அச்சிட்டிருந்தது. அச்சை நம்பி மகனைக் கொடுப்பாளா தாய்? ஒன்றை எடுத்தாள், ஒரு சொம்பு தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தாள். வீடே பதறியது. பெட்டியோ விளக்கெரியச் சிரித்தது. "இதே போதும்" என்றாள். மற்றது நனையாமலே கடைக்குத் திரும்பியது.

மிச்சம் இருந்தது ஆண்டெனா.

பந்தலின் கீழே, பாயில், இரண்டு கம்பங்கள் கிடந்தன. ஒன்று ஆள் உயரத்தையும் தாண்டும். மற்றொன்று கைத்தடி நீளமே இருக்கும். இவற்றில் ஒன்று தட்டில் ஏறினால்தான் பரிசம் நிறையும்.

பெண்கள் பக்கம் வேறொரு போராட்டம். சதீஷ்குமாரின் அக்கா ராதிகா, தலைகுனிந்து அமர்ந்திருந்த அருள்மொழிக்கு வளையல் போட முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள்.

"கையா கண்ணு இது? அம்மிக்கல்லாட்ட இருக்குது! மீன் அறுத்தே இப்பிடி ஆயிருச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். அருள்மொழியும் சிரித்தாள்.

ஊர்ப் பெரியவர் காளியண்ணன் எழுந்து தீர்ப்புரைத்தார்.

"நெட்டையத்தான் எடுக்கோணும். நாம போன் பேசோணும்னா பாறை மேல ஏறறமா, பள்ளத்துல எறங்கறமா?"

ஊர் ஆமோதித்தது. உயரத்தில்தான் சிக்னல் என்பது மலையில் பிறந்த ஒவ்வொருவரும் கால் நோக ஏறிக் கற்ற பாடம். அதை மறுக்க எவர் துணிவார்?

பெண்ணின் தந்தை தமிழ்செல்வன் துணிந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பறிகொடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தூணில் சாய்ந்திருந்தவர், மெல்ல எழுந்தார்.

"அய்யா, உங்க மலை ஆடாது. எங்க படகு ஆடும்."

நெட்டைக் கம்பத்தை மாப்பிள்ளையின் கையில் கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு அவன் தோள்களைப் பற்றி, அலை படகை ஆட்டுவதுபோல் ஆட்டினார். கம்பத்தின் நுனி மாவிலைத் தோரணத்தை அறுத்தது. திரும்பும் வழியில் காளியண்ணனின் தலைப்பாகையைக் கழற்றியது.

"பாத்தீங்களா? நெட்டை நேரா நின்னா ரொம்ப தூரம் பேசும். ஆனா படகு சாஞ்சா, பேச்சு ஒரு பக்கம் வானத்துக்குப் போயிடும், மறுபக்கம் தண்ணிக்குள்ள போயிடும். குட்டை அவ்வளவு தூரம் பேசாது. ஆனா எப்படிச் சாஞ்சாலும் பேசும்."

"மலையில ஏறி வந்து எம்மேலயே அலையடிச்சுட்டீங்களே சம்மந்தி!" என்று காளியண்ணன் தலைப்பாகையைத் தேடினார். பந்தல் குலுங்கியது.

குட்டைக் கம்பம் தட்டில் ஏறியது.

இனி ஒரே ஒரு சடங்கு. பரிசத்தைப் பெறுபவர் தட்டைத் தொட்டு, அதை எங்கே வைத்துக் காப்போம் என்று சபையறியச் சொல்ல வேண்டும். சொல்லும் உரிமை காலம் காலமாகத் தந்தைக்கு உரியது. காளியண்ணன் தட்டை நீட்டினார்.

தமிழ்செல்வன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நான் கரையில மீனை ஏலம் விடுற ஆளுங்க. படகுல ஏறி வருசக்கணக்காச்சு. அங்க கேளுங்க."

அருள்மொழி எழுந்து வந்தாள். வளையல் ஏறாத வலக்கையைத் தட்டின்மேல் வைத்தாள்.

"சுக்கான் பக்கத்துல மாட்டுவேன். நான் நிக்கிற எடத்துலேருந்து கைய நீட்டுனா எட்டும். உங்க மவன் எனக்கு முன்னால, வலைகிட்ட, என் கண்ணு பாக்குற எடத்துலதான் இருப்பாரு, அத்தை."

சபை முழுவதும் சதீஷ்குமாரைப் பார்த்தது. அவன் நெட்டைக் கம்பத்தின் பின்னால் ஒளிய முயன்றான்; அது அவனுடைய மூக்கை மட்டும் மறைத்தது.

"பொம்பள படகோட்டறதா? வழக்கத்துல இல்லீங்களே" என்றார் காளியண்ணன்.

"ரேடியோ மட்டும் வழக்கத்துல இருந்துச்சுங்களா அண்ணா?" என்று கேட்டாள் அத்தாயி.

பிறகு மருமகளின் கையைத் தன் கையில் எடுத்தாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை விரலால் அழுத்திப் பார்த்தாள். சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தவள் அல்லவா? நிதானமாகவே பார்த்தாள்.

"ராதிகா, அந்த வளையலை எடுத்து வெய்யி. பேளுக்குறிச்சிச் சந்தையில பெரிசா வாங்கிக்கலாம். கை இப்பிடியே இருக்கட்டும்."