முச்சந்தியில் மறந்த பேனர்

மூக்கில் பஞ்சோடு அச்சுதன் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் கட்டிய நீலத் தார்ப்பாய் வழியே இறங்கும் காலை வெயில், பிணமாகப் படுத்திருந்த பெஞ்சில் எழுந்து உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தை நிஜமாகவே நீலமாக்கியிருக்கிறது. "வேட்டியில சிந்திராதீங்க அச்சுதேட்டா, பொணத்துக்கு மாத்து வேட்டி இல்ல" என்கிறாள் நிமிஷா. ஆள் சாகும் முன்பே கட்சிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு அஞ்சலி பேனர் கட்டுவதுதான் அவள் எடுக்கும் குறும்படம். நேற்று முச்சந்தியில் படம்பிடித்த பேனரை, அச்சுதனின் சிரித்த முகத்தோடு அப்படியே விட்டுவிட்டு வந்தது கேட் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. மலர்வளையத்தோடு நிற்கிறார் பார்கவன். எல்லைச் சுவர் சண்டைக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்காத, அச்சுதனின் தம்பி. ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. "ஏட்டா..." என்றவர் அச்சுதனின் கையிலிருக்கும் கிளாஸைப் பார்க்கிறார். "சாகலியா நீ?" "சினிமாடா. சும்மா நடிப்பு." பார்கவன் பெஞ்சின் ஓரத்தில் சரிந்து, அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நிமிஷா எழுதிய கதையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துத்தான் அழுவார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மெல்லக் கை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்துகிறாள். "இத என்ன பண்றது?" என்று மலர்வளையத்தைத் தூக்கிக் காட்டுகிறார் பார்கவன், மூக்கை உறிஞ்சியபடி. அச்சுதன் மிச்சச் சாயாவை அவர் கையில் கொடுக்கிறார். "அங்க வை. நாளைக்கு வெறுங்கையோட வா."