கடைசி வரிசைச் சோளம்

தெளிப்பான் சொல்லும் கதையை அரிவாள் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை.

"இருபது நாள் மழையில்லைடா! இலையில சத்துத்தண்ணி அடிச்சே காடு பூரா இருந்த சோளத்தையும் காப்பாத்தினவன் நான்!" என்று அது பீற்றிக்கொள்ளும்போது கருவிக் கொட்டகையே வாய்பிளக்கும். அரிவாள் மட்டும் மூலையில் தனியே கிடக்கும். தண்ணீர் தீர்ந்து தெளிப்பான் திரும்பிப்போன கடைசி வரிசையை, காய்ந்த பிறகு அறுத்தது அரிவாள்தான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று தன்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறது.

இந்தக் கோடையில் பொறுக்க முடியாமல் வாய்திறந்தது.

"அண்ணே, அந்த வரிசையில ஒரே ஒரு பயிருக்கு உயிர் இருந்துச்சு. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சு, சுருண்ட இலையை எங்கிட்ட விரிச்சுக் காட்டுச்சு. திரும்பி வர்றேன்னு அதுகிட்ட சொல்லிட்டா போனீங்க?"