மாடியில் ஒரு மேடை

வீட்டைப் புதுப்பிக்க மேஸ்திரி போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் அடுப்பு மேடை இரண்டு இருந்தது. மாமியாருக்குச் சுருக்கென்றது.

"மாடியில எதுக்கு இன்னொரு மேடை?"

மேஸ்திரி அளவு டேப்பைச் சுருட்டினார். "வீட்டுலதான் கேட்டாங்க. பாத்ரூம் டைல்ஸ்ல குறைச்சுட்டு அதுக்கு ஒதுக்கச் சொன்னாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்கம்மா."

மாமியார் மருமகளிடம் திரும்பினாள். "தனிக்குடித்தனத்துக்கு அடி போடறியா?"

"ஐயோ, நான் கேக்கல அத்தை. மேடை உயரம் மூணே கால் அடின்னு எழுதியிருக்கு, பாருங்க. நான் ஸ்டூல் போட்டு ஏறித்தான் சமைக்கணும்."

"அப்ப என் பிள்ளையைத் தூண்டிவிட்டிருக்கே."

"உங்க பிள்ளைக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாது!"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் என்ன குறை வெச்சேன்? இத்தனை வருஷத்துல யாரையாவது அடுப்புப் பக்கம் விட்டிருக்கேனா?"

ஆறடி உயர மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"விடலையே! ஒரு டீ என் கையால போட்டுக் குடிக்கணும்னு முப்பது வருஷமா கேக்கறேன். மேடை எனக்குத்தான்."